பெயரும் இருப்பிடமும்: இணைய முகவரியின் வரலாற்றில் ஒரு சொற்போர்

இணைய முகவரி என்று நாம் இன்று வழங்கும் எழுத்துத்தொடருக்கு, அதை ஆக்கியவர் முதலில் இட்ட பெயரில் முகவரி என்ற பொருளே இல்லை. ‘அனைத்துலக ஆவண அடையாளம்’ என்று தமிழில் சொல்லத்தக்க ஒரு பெயரையே டிம் பெர்னர்ஸ்-லீ தம் ஆக்கத்துக்கு இட்டிருந்தார். 1992-ஆம் ஆண்டு, இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் பொறியாளர் அவையாகிய இணையப் பொறியியல் செயற்குழுவின்முன் அவர் அதைக் கொண்டுசென்றபோது, அப்பெயரின் மூன்று சொற்களும் வெட்டுப்பட்டன. ‘அனைத்துலக’ என்பது செருக்குடைய சொல் என்றார்கள். ‘ஒருசீரான’ என்று மாற்றச் சொன்னார்கள். ‘ஆவணம்’ என்பது ‘வளம்’ ஆயிற்று. இதில் அவருக்கும் உடன்பாடே. மூன்றாவது சொல்லில்தான் சிக்கல். ஓர் ஆவணம் இன்று ஒரு கணினியிலும் நாளை வேறொன்றிலும் இருக்கக்கூடும். ஆவணம் இடம் மாறியதும் தானும் மாறிவிடுகின்ற ஒன்றை அடையாளம் என்று சொல்வது எப்படி? அது வெறும் ‘இருப்பிடங்காட்டி’ என்று அவையினர் வாதிட்டனர். வேலை நடந்தால் போதும் என்று பெர்னர்ஸ்-லீ விட்டுக்கொடுத்தார். அவ்வாறு பிறந்ததே யு.ஆர்.எல். என்னும் மூவெழுத்துச் சுருக்கம். நம் வலைப்பதிவர்கள் இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் அதை ‘உரல்’ என்று எழுதி மகிழ்ந்தார்கள். போட்ட இடத்தைவிட்டு அசையாத கல்லின் பெயர், ஓயாமல் இடம்பெயரும் ஒன்றுக்கு வாய்த்தது நல்ல முரண்தான்.

ஒரு சொல்லை மாற்றியதில் என்ன வந்துவிட்டது என்று பொறியாளர் கேட்கலாம். இலக்கியம் படித்த நாம் கேட்கக் கூடாது. ஒரு சங்கப் பாடலை ‘புறம். 192’ என்று குறிக்கிறோம். அது பெயர். கணியன் பூங்குன்றனாரின் பாடலை எந்தப் பதிப்பிலும் அந்த எண்ணைக்கொண்டு கண்டுவிடலாம். அதையே ‘இன்ன பதிப்பு, இத்தனையாம் பக்கம்’ என்று மட்டும் குறித்தால் அது இருப்பிடம். பதிப்பு மாறியதும் குறிப்பு பயனற்றுப்போகும். பெயரின் வலிமை எத்தகையது என்பதற்கும் அந்த நூலிலேயே சான்று உண்டு. புறநானூற்றின் 267, 268-ஆம் பாடல்கள் நமக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் 269-ஆம் பாடலை முன்னே இழுத்து எவரும் 267 ஆக்கிவிடவில்லை. பாடல் அழிந்த பின்னும் அதன் எண் காலியாகவே இருக்கிறது. நற்றிணையின் 234-க்கும் இதே கதை.

எனினும் பெயர் என்பது வானத்திலிருந்து விழுவதன்று. தொல்காப்பிய நூற்பாக்களின் எண் உரையாசிரியர்தோறும் வேறுபடுவதை மாணவர் அறிவர். குறளின் வைப்புமுறை மணக்குடவரிடம் ஒருவிதம், பரிமேலழகரிடம் வேறுவிதம். பின்னவருடையதைப் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டமையால்தான் குறள் எண் இன்று எண்ணாக நிற்கிறது. அடையாளத்துக்குப் பின்னால் பலர் கூடிக் காக்கும் ஓர் உடன்பாடு வேண்டியிருக்கிறது. இணையத்தில் அந்த உடன்பாட்டை யார் காப்பார்கள்? 1992-இல் எழுந்த பூசலின் உட்கிடை இதுவே என்று நாம் கருதுகிறோம்.

பெர்னர்ஸ்-லீயின் பக்கத்து நியாயத்தை விளங்கிக்கொள்ள, ஜெனீவாவை அடுத்த செர்ன் என்னும் துகள் இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு நாம் போக வேண்டும். பல நாட்டு ஆய்வாளர்கள் அங்கு வருவார்கள். ஓரிரு ஆண்டு பணியாற்றிவிட்டுப் போய்விடுவார்கள். அவர்கள் எழுதிவைத்தவை ஒன்றோடொன்று பேசாத கணினிகளில் கிடக்கும். எது எங்கே இருக்கிறது என்பது போனவருக்கே வெளிச்சம். இந்தக் குழப்பத்துக்குத் தீர்வாக 1989 மார்ச்சில் அவர் ஒரு முன்மொழிவை எழுதினார். அவருடைய மேலாளர் மைக் செண்டல் அதன் முகப்பில், தெளிவில்லை என்றாலும் ஆர்வமூட்டுகிறது என்ற பொருள்பட ஒரு குறிப்பு எழுதிவைத்தார். 1990-இன் இறுதியில் ‘நெக்ஸ்ட்’ நிறுவனத்தின் கணினி ஒன்றில் உலகின் முதல் வலை வழங்கி இயங்கத் தொடங்கிற்று. அதன்மேல் ஒரு தாளை ஒட்டி, இது வழங்கி, இதை அணைக்கக் கூடாது என்று சிவப்பு மையால் எழுதிவைத்திருந்தார். இன்றைக்கும் அந்தத் தாளோடு அக்கணினி காப்பாற்றப்பட்டு வருகிறது. உலகளாவிய வலையின் முகவரி முழுவதும் அப்போது ஒரு மேசையின் முகவரிதான்.

ஒரு நுட்பத்தை இங்கே கவனிக்க வேண்டும். அந்தக் கணினிக்கு ‘என்.எக்ஸ்.ஓ.சி.01’ என்று ஒரு சொந்தப் பெயர் இருந்தது. உலகுக்கு அறிவிக்கப்பட்டதோ ‘இன்ஃபோ’ என்று தொடங்கும் ஒரு மாற்றுப்பெயர். கணினி பழுதானாலும் மாற்றுப்பெயரை அடுத்த கணினிக்குச் சூட்டிவிடலாம்; படிப்பவருக்கு வேறுபாடு தெரியாது. இருப்பிடம் பெயராக மாறத் தொடங்கும் இடம் இது.

மீயுரை என்னும் கருத்து அவர் கண்டதன்று. அந்தச் சொல்லை 1965-இல் அச்சேற்றியவர் டெட் நெல்சன் என்னும் அமெரிக்கர். அவர் கனவுகண்ட ‘ஸானடு’ அமைப்பில் ஒவ்வொரு தொடுப்பும் இருவழிப்பட்டது. ஓர் ஆவணத்தை எவரெவர் சுட்டுகிறார்கள் என்பது அந்த ஆவணத்துக்கும் தெரியும். ஆதலால் தொடுப்பு அறுவதில்லை. அழகிய கனவு. ஆனால் சுட்டுபவரையும் சுட்டப்படுவதையும் சேர்த்துக் கணக்கு வைத்துக்கொள்ளும் ஓர் ஏற்பாடு இல்லாமல் அது நடவாது. பல்லாண்டுகள் கழிந்தும் ஸானடு நெல்சன் எண்ணிய வடிவில் மக்களிடம் வந்து சேரவில்லை. பெர்னர்ஸ்-லீ அந்தக் கணக்கையே தூக்கியெறிந்தார். தொடுப்பு ஒருவழிப்பட்டது, சுட்டுவதற்கு எவரிடமும் இசைவு கேட்க வேண்டியதில்லை, அறுந்தால் அறுந்ததுதான். மீயுரை அறிஞர்களுக்கு இது முறையற்றதாகப் பட்டிருக்க வேண்டும். 1991-இல் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் நடந்த மீயுரை மாநாட்டுக்கு அவர் அனுப்பிய கட்டுரை ஏற்கப்படவில்லை. செயல்விளக்கம் காட்ட மட்டும் இடம் கிடைத்தது.

அறுந்த தொடுப்பின் எண் 404. செர்ன் கட்டடத்தில் அப்படி ஓர் அறை இருந்தது, அங்கிருந்துதான் இந்த எண் வந்தது என்று ஒரு கதை உலவுகிறது; பெர்னர்ஸ்-லீயுடன் பணியாற்றிய ராபர்ட் காய்யோ அதை மறுத்திருக்கிறார். நான்கில் தொடங்கும் எண்கள் யாவும் ‘பிழை கேட்டவர் பக்கம்’ என்று பொருள்படுவன. புத்தகத்தைத் தொலைத்துவிட்டு வாசகரைக் கடிந்துகொள்ளும் நூலகரை நமக்கு இது நினைவூட்டுகிறது. ‘இருந்தது, இனி இல்லை’ என்று நேர்மையாகச் சொல்ல 410 என்ற எண்ணும் உண்டு. அதைப் பயன்படுத்துவோர் குறைவு.

முகவரியின் உடலமைப்பிலும் வரலாறு படிந்துள்ளது. முதலில் நெறிமுறையின் பெயர், ஒரு முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடுகள், பிறகு களப்பெயர், அதன்பின் ஆவணத்துக்குச் செல்லும் பாதை. பாதையைப் பிரிக்கும் ஒற்றைச் சாய்கோடு யுனிக்ஸ் இயங்குதளத்தின் வழக்கம். தொடக்கத்திலுள்ள இரட்டைச் சாய்கோடு அப்பல்லோ என்ற நிறுவனத்தின் கணினிகளில் வழங்கியது. அந்த இரண்டு கோடுகளும் உண்மையில் தேவையற்றவை என்று 2009-இல் பெர்னர்ஸ்-லீயே ஒப்புக்கொண்டார். ஆவணத்துக்கு உள்ளே ஒரு பகுதியைச் சுட்டும் # குறியை அமெரிக்க அஞ்சல் வழக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டார். அங்கே ஒரு கட்டடத்துக்குள் இருக்கும் குடியிருப்பின் எண்ணுக்கு முன்னால் அந்தக் குறியை இடுவார்கள்.

களப்பெயர் வலையைவிட மூத்தது. ஒருகாலத்தில் வலையமைப்பிலிருந்த எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே ஒரு கோப்பில் அடங்கின. கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைக் காத்துவந்தது; மற்றவர்கள் படியெடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகவே அது தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த களப்பெயர் முறை, பெயர்களைப் பகிர்ந்து காக்கும் பொறுப்பைப் பலருக்கும் பிரித்துக் கொடுத்தது. நாடுகளுக்குரிய ஈரெழுத்துக் குறிகளைத் தாமே வகுக்காமல், பன்னாட்டுத் தரநிர்ணய அமைப்பின் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். எது நாடு, எது நாடன்று என்று தீர்ப்புச் சொல்லும் வேலை பொறியாளருக்கு வேண்டாம் என்ற முன்யோசனை அதில் தெரிகிறது. வேடிக்கை என்னவென்றால், களப்பெயர் நம் அஞ்சல் முகவரியைப் போலச் சிறியதில் தொடங்கிப் பெரியதில் முடிகிறது. அதையடுத்த பாதையோ பெரியதில் தொடங்கிச் சிறியதில் முடிகிறது. ஒரே முகவரிக்குள் இரண்டு திசைகள். முழுவதையும் ஒரே திசையில் வைத்திருக்கலாமே என்று பெர்னர்ஸ்-லீ பின்னாளில் வருந்தினார்.

மீண்டும் பூசலுக்கு வருவோம். இணையப் பொறியாளர்கள் தம் முடிவுகளை ‘கருத்து கோரும் குறிப்பு’ என்னும் வரிசையில் வெளியிடுகிறார்கள். 1969-இல் தொடங்கிய வரிசை அது. ஒருமுறை வெளிவந்த குறிப்பின் வாசகம் மாறாது; திருத்தினால் புதிய எண்ணில் வெளிவரும். அடையாளத்தைப் பற்றி ஐயம் கொண்டவர்கள் தம் எழுத்துக்கு மட்டும் அசையாத அடையாளத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது நமக்குச் சுவையான செய்தி. 1994 ஜூனில் 1630-ஆம் எண்ணில் பெர்னர்ஸ்-லீ தம் பெயரில் வெளியிட்ட குறிப்பின் தலைப்பில் ‘அனைத்துலக’, ‘அடையாளம்’ என்ற அவருடைய பழைய சொற்கள் இரண்டும் இருந்தன. அதே ஆண்டு டிசம்பரில் 1738-ஆம் எண்ணில் வந்ததோ ‘ஒருசீரான’, ‘இருப்பிடங்காட்டி’ என்ற அவையின் சொற்களைத் தாங்கி நின்றது.

அம்மாதமே 1737-ஆம் எண்ணில் இன்னொரு குறிப்பும் வெளிவந்தது. இருப்பிடத்துக்கு ஒரு தொடர் என்றால், பெயருக்குத் தனியே ஒரு தொடர் வேண்டுமல்லவா? அதற்கான இலக்கணம் அது. ஒரு பெயர் உலகெங்கும் ஒன்றையே குறிக்க வேண்டும். என்றென்றைக்கும் நிலைத்திருக்க வேண்டும். அது குறிக்கும் பொருள் அழிந்த பிறகும் குறிப்பாகப் பயன்பட வேண்டும். புறநானூற்றின் 267-ஆம் எண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் எழுத முடியாது. 1997-இல் அப்பெயர்களின் எழுத்துமுறையும் வகுக்கப்பட்டது. புத்தகங்களுக்குரிய பன்னாட்டுத் தர எண்ணையும் அந்த வடிவில் எழுதலாம். ஆனால் உலாவியில் அப்படி ஒரு பெயரை இட்டால் எதுவும் திறப்பதில்லை. பெயரைக் கேட்டு இடத்தைச் சொல்லும் ஒரு பொது ஏற்பாட்டை எவரும் கட்டியெழுப்பவில்லை. கட்டியிருந்தாலும் அதை யார் கையில் ஒப்படைப்பது என்ற கேள்வி எஞ்சியிருக்கும். மக்கள் கைக்குக் கிடைத்த இருப்பிடத்தையே பெயராகவும் வழங்கத் தொடங்கினார்கள். 2005 ஜனவரியில் வெளிவந்த 3986-ஆம் குறிப்பு ‘அடையாளம்’ என்ற சொல்லை மீண்டும் தலைமைச் சொல்லாக்கி, அது பெயராகவோ இருப்பிடமாகவோ இரண்டுமாகவோ இருக்கலாம் என்று கூறிற்று. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து பெர்னர்ஸ்-லீ பாதி வென்றார். ஆனால் ஊர் வாயில் ‘யு.ஆர்.எல்.’ படிந்துவிட்டிருந்தது.

இருப்பிடமே பெயராகிவிட்டதன் விளைவு என்ன? தமிழ் இணையத்தின் தொடக்க நாட்களை அறிந்தவர்களுக்கு ஜியோசிட்டீஸ் நினைவிருக்கும். 1994-இல் தோன்றிய அந்தத் தளம் இலவச இடத்தை ஒரு நகரமாகவே பாவித்தது. பேட்டைகள் உண்டு, ஒவ்வொன்றிலும் வீட்டிலக்கம் உண்டு. கல்விக்கும் இலக்கியத்துக்கும் உரிய பேட்டைக்கு ஏதென்ஸ் என்று பெயர். அதன் 5180-ஆம் இலக்கத்தில், சுவிட்சர்லாந்தின் லோசானில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் ஒரு தமிழ் மின்னூலகத்தை நடத்திவந்தார். 1998-இல் மதுரைத் திட்டத்தைத் தொடங்கியவர் அவரே. எழுத்துருவுக்கும் மின்னூலுக்கும் அலைந்த நாட்களில் தமிழர் பலர் தட்டிய கதவு அது. 1999-இல் யாஹூ அந்நகரை விலைக்கு வாங்கிற்று. 2009 அக்டோபர் 26 அன்று, ஜப்பானியக் கிளை நீங்கலாக, நகரம் மூடப்பட்டது. பேட்டை, தெரு, இலக்கம் எல்லாம் ஒரே நாளில் வெற்று எழுத்தாயின. ஆர்வலர்கள் முந்திக்கொண்டு படியெடுத்தமையால் பெரும்பகுதி தப்பியது. படிகள் இருக்கும் இடம் வேறு, நூல்களின் அடிக்குறிப்புகளில் உள்ள முகவரி வேறு.

நிறுவனம் மட்டுமன்று, நாடே கலைந்தாலும் இதே கதிதான். யுகோஸ்லாவியாவின் ஈரெழுத்துக் குறி 1989-இல் வழங்கப்பட்டது. நாடு உடைந்து போர்கள் நடந்தபோதும் அந்தக் குறியின்கீழ் மக்கள் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். செர்பியாவுக்கும் மாண்டினீக்ரோவுக்கும் தனித்தனிக் குறிகள் வந்த பின், 2010 மார்ச் 30 அன்று பழைய குறி நீக்கப்பட்டது. புதிய குறிக்குப் பெயரை மாற்றிக்கொள்ளாதவர்களின் பக்கங்கள் அத்தனையும் முகவரியற்றுப்போயின. சோவியத் ஒன்றியத்தின் குறியோ, ஒன்றியம் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின்னும் புதிய பெயர்களை ஏற்றுக்கொண்டிருந்தது. இதில் எந்த விதியும் இல்லை; யார் கையில் பதிவேடு இருந்தது, அவர் விட்டுக்கொடுத்தாரா என்பதுதான் எல்லாம்.

நீதிமன்றமும் தப்பவில்லை. சிறுவர்களுக்குக் காணொளி விளையாட்டுகளை விற்பது பற்றிய வழக்கில், 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதியரசர் அலிட்டோ எழுதிய கருத்துரையின் அடிக்குறிப்பில் ஓர் இணைய முகவரி இருந்தது. அதன் களப்பெயருக்கு உரிமைக்காலம் முடிந்ததும் முகம் தெரியாத ஒருவர் அதை வாங்கி, இந்தப் பக்கத்தைத் தீர்ப்பில் சான்றாகக் காட்டாததற்கு மகிழ்ச்சிதானே என்று நையாண்டியாக எழுதிவைத்தார். முகவரி சரியாகவே இருந்தது. அது காட்டிய ஆவணம்தான் வேறு. 404-ஐவிட நாம் அஞ்ச வேண்டியது இதற்குத்தான். அந்நீதிமன்றத் தீர்ப்புகளில் இடம்பெற்ற இணையச் சுட்டிகளில் ஏறத்தாழப் பாதி, முதலில் காட்டிய செய்தியை இப்போது காட்டுவதில்லை என்று ஹார்வர்டு சட்டப்பள்ளி அறிஞர்கள் 2013-இல் கண்டறிந்தனர். 2013-இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு, பத்தாண்டு கழித்து 2023 அக்டோபரில் எட்டாமல் போயிருந்தன என்பது பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட கணக்கு. ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் இணைய முகவரிக்குப் பக்கத்தில் ‘பார்த்த நாள்’ என்று எழுதும்படி மாணவர்களிடம் சொல்கிறோம். அச்சு நூலுக்கு அப்படி ஒரு நாளை எழுதச் சொல்வதில்லை.

பெர்னர்ஸ்-லீ 1998-இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில், முகவரிகள் தாமாக மாறுவதில்லை, மனிதர்களே அவற்றை மாற்றுகிறார்கள் என்று வாதிட்டார். எழுதியவர் பெயர், துறை, கோப்பின் வகை, மென்பொருளின் பெயர் என்று நாளை மாறக்கூடிய எதையும் முகவரியில் வைக்காதீர்கள். உருவாக்கிய நாளை வைத்துக்கொள்ளுங்கள், அது மாறாது என்பது அவர் அறிவுரை. நல்ல அறிவுரைதான். ஆனால் அது சொந்த வீட்டுக்காரர் வாடகைக் குடித்தனக்காரருக்குச் சொல்லும் அறிவுரை. களப்பெயருக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட இயலாமல் பிறர் தரும் இலவச இடத்தில் எழுதுகிறவர், தம் முகவரியை மாற்றாமல் இருப்பது எங்ஙனம்?

பதிப்பாளர்கள் வேறு வழியைக் கண்டார்கள். ராபர்ட் கான் வகுத்த ‘ஹேண்டில்’ முறையின்மேல் எழுப்பிய எண்ணியல் பொருள் அடையாளம், 1997-இல் ஃபிராங்க்ஃபர்ட் புத்தகக் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. இன்று ஆய்வுக் கட்டுரைகளின் அடியில் பத்து என்ற எண்ணில் தொடங்கி நீளும் தொடர் அதுவே. கட்டுரை இடம் மாறினால் பதிப்பாளர் நடுப்பதிவேட்டில் புதிய இடத்தைப் பதிந்துவிட வேண்டும், எண் மாறாது. உண்மையில் இது 1992-இன் பெயர்க் கட்சி கேட்டதுதான், பணம் கட்டும் சங்கமாக. அதற்கு மாற்றாக, கலிஃபோர்னிய எண்ணியல் நூலகத்தைச் சேர்ந்த ஜான் குன்சே 2001-இல் முன்வைத்த முறையில் ஒரு வெளிப்படையான நேர்மை இருக்கிறது: நிலைபேறு என்பது பெயரின் இயல்பன்று, ஒரு நிறுவனம் தரும் வாக்குறுதி என்று அது தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. 2005-இல் தொடங்கிய ஈழத்து நூலகத் திட்டம் ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு நூலக எண்ணைத் தருகிறது. யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த மண்ணின் ஆவணங்களைத் திரட்டுகிறவர்கள், தளத்தின் முகவரியைச் சாராத ஓர் எண்ணை வைத்துக்கொண்டிருப்பதை நாம் தற்செயலாகக் கருதவில்லை.

தமிழ் எழுத்தும் இந்த வரலாற்றில் ஓர் ஓரத்தில் நிற்கிறது. முகவரியின் பாதையில் ‘தமிழ்’ என்று எழுதினால், உள்ளே அது 45 குறிகளாக விரிகிறது. ஒருங்குறியின் கணக்கில் அச்சொல்லுக்கு ஐந்து குறியீடுகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்மங்கள், ஒவ்வோர் எண்மத்துக்கும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்துகள். மின்னஞ்சலில் ஒட்டப்பட்ட தமிழ் முகவரி பக்கம்பக்கமாக நீள்வது இதனால்தான். 2010, 2011-ஆம் ஆண்டுகளில் ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’, ‘.இந்தியா’ என்று களப்பெயரின் ஈறுகளே தமிழில் வந்தன. திரைக்குப் பின்னால் அவையும் ரோமன் எழுத்துக் கோவைகளாகவே நடமாடுகின்றன.

இருப்பிடத்தோடு காலத்தையும் சேர்த்தால் என்ன என்று கேட்டவர் புரூஸ்டர் கேல். 1996-இல் அவர் நிறுவிய இணைய ஆவணக் காப்பகம் வலைப்பக்கங்களைப் படியெடுக்கத் தொடங்கி, 2001-இல் அவற்றைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அங்கே ஒரு படியின் முகவரி, காப்பகத்தின் பெயர், பதினான்கு இலக்கங்களில் ஆண்டு முதல் நொடி வரை, அதன்பின் பழைய முகவரி முழுவதும் என்று அமைகிறது. சுவடியியலார் ஏட்டுப்பிரதிக்கு நாள் குறிப்பதைப் போல. ஆனால் காப்பகம் தோன்றியதற்கு முன்னிருந்த வலையை அது அறியாது.

அந்த முந்தைய காலத்தில்தான் முதல் முகவரி இருக்கிறது. செர்னின் ‘இன்ஃபோ’ கணினியில் இருந்த அந்த முதல் பக்கம் பல்லாண்டுகளாக அதற்குரிய முகவரியில் இல்லாமலிருந்தது. 2013 ஏப்ரல் 30 அன்று, வலையின் நிரல்களைச் செர்ன் பொதுவுடைமையாக்கிய இருபதாம் ஆண்டு நாளில், பக்கத்தை அதே முகவரியில் மீண்டும் ஏற்றினார்கள். இன்றும் சென்று பார்க்கலாம். பழைய சாய்கோடுகள் எல்லாம் அப்படியே உள்ளன. ஆனால் ஏற்றப்பட்டது 1992-ஆம் ஆண்டுப் படி. அதற்கு முன் அந்தப் பக்கத்தை அடிக்கடி திருத்தித் திருத்தி அதன்மேலேயே எழுதியிருந்தார்கள். 1990-இல் அதில் இருந்த வாசகத்தை எவரும் எடுத்துவைத்திருக்கவில்லை.